தற்காலிகம்

ஆரணியில் எங்கள் தெருவில் உத்தியோகம் என்ற சொல்லுக்கு ஒரே அர்த்தம்தான் இருந்தது. தறி நெய்வது உத்தியோகம் இல்லை, அது வேலை. அரிசி மில்லில் கணக்கு எழுதுவதும் உத்தியோகம் இல்லை, அதுவும் வேலை. மாதம் பிறந்தால் கேட்காமல் வருவது எதுவோ அதுதான் உத்தியோகம். 1985-ல் ஒரு சர்க்கார் அலுவலகத்தில் இளநிலை உதவியாளனாக எனக்கு உத்தரவு வந்தபோது, அப்பா குழித்தறியை விட்டு எழுந்து வரவில்லை. உட்கார்ந்தபடியே, "இனிமே உனக்கு மழை கிடையாது" என்றார். ஐப்பசி, கார்த்திகையில் தறிக்குழியில் ஈரம் ஏறிவிடும். பாவு ஒத்துழைக்காது, இழை அறும். ஒரு சேலைக்கு ஆகும் நாள் இரண்டு மடங்காகும். கூலியோ சேலைக்குத்தான், நாளுக்கு இல்லை. மழை கிடையாது என்று அவர் சொன்னது இதைத்தான். எனக்கு அது ஆசீர்வாதமாகப் பட்டது. அதற்குள் ஒரு பொறாமையும் இருந்தது என்று இப்போது தோன்றுகிறது.

இந்தப் பக்கங்களை வாசிப்பவர்கள் பெரும்பாலும் என் மாதிரி மழை கிடையாதவர்கள். இதைச் சொல்வதில் யாருக்கும் சங்கடம் வேண்டாம். நவீனத் தமிழ் எழுத்தின் சரித்திரத்தில் சம்பளப் பட்டியலுக்கு ஒரு இடம் உண்டு. ந. பிச்சமூர்த்தி அறநிலையத் துறையின் கீழ் கோயில் நிர்வாக அதிகாரியாக இருந்தார். லா.ச.ரா. வங்கியில் இருந்தார். தி. ஜானகிராமன் பள்ளிக்கூட வாத்தியாராக இருந்து வானொலிக்குப் போனார். செல்லப்பா ஒருத்தர்தான் எழுத்தைத் தவிர வேறு பிடிமானம் வைத்துக்கொள்ளாமல் 1959-லிருந்து 1970 வரை 'எழுத்து' நடத்தியவர். புத்தக மூட்டையைத் தானே சுமந்துகொண்டு கல்லூரி கல்லூரியாகப் போய் விற்றவர். மற்றபடி, சிறு பத்திரிகைகளுக்கு மை வாங்கிய காசில் பெரும்பங்கு ஆண்களின் நிரந்தரச் சம்பளத்திலிருந்து வந்ததுதான். தனிமை, அந்நியமாதல், இருப்பின் நிச்சயமின்மை என்று நாங்கள் எழுதிக் குவித்தவை எல்லாம், முதல் தேதி கையெழுத்துப் போட்டுச் சம்பளம் வாங்கிய பிறகு பட்ட நிச்சயமின்மை. அது பொய் என்று சொல்ல வரவில்லை. ஆனால் என் வீட்டிலேயே இன்னொரு நிச்சயமின்மை இருந்தது. அதை நான் முப்பது வருஷம் விஷயமாகக் கருதவில்லை.

என் தங்கையைப் பற்றி எழுதுகிறேன். பெயர் வேண்டாம். ஆரணியிலிருந்து ஆறேழு கிலோமீட்டரில் ஒரு கிராமத்தில், இன்னொரு தறிக்காரக் குடும்பத்தில் வாழ்க்கைப்பட்டவள். பத்தாம் வகுப்பு தேறியவள். எங்கள் வீட்டில் கணக்கு அவளுக்குத்தான் வரும், எனக்கு இல்லை. ஆனால் கல்லூரிக்கு அனுப்ப ஒருவனுக்குத்தான் காசு இருந்தது. அந்த ஒருவன் நான்.

தறியில் பெண்ணின் இடம் எது என்று வெளியாட்களுக்குத் தெரியாது. சேலையைக் காட்டி நெய்தவர் யார் என்று கேட்டால் ஆணின் பெயரைச் சொல்வார்கள். கூட்டுறவுச் சங்கமானால் உறுப்பினர் அட்டை அவன் பெயரில், தனி முதலாளியானால் கடன் நோட்டு அவன் பெயரில். பட்டு இழைப்பது, தார் சுற்றுவது, பாவை நீட்டிச் சரி பண்ணுவது, அறுந்த இழையைப் பிணைப்பது, கோர்வைச் சேலையானால் எதிர்முனையில் உட்கார்ந்து நாடாவை வாங்கித் திருப்புவது, இவை எல்லாம் வீட்டு வேலையோடு வேலையாக நடப்பவை. கூலி ஒன்று, கை இரண்டு ஜோடி. ஆரணிப் பட்டுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தபோது ஊரில் பெருமையாகப் பேசிக்கொண்டார்கள். குறியீடு ஊருக்குக் கிடைத்தது. எதிர்முனையில் உட்கார்ந்தவளுக்கு அதற்கு முன்னும் பின்னும் பெயர் இல்லை.

1989-ல் திமுக ஆட்சிக்கு வந்தது. கிராமத்துப் படித்த இளைஞர்களுக்காக மக்கள் நலப் பணியாளர் என்று ஒரு வேலையை அந்த ஆட்சி உண்டாக்கியது. ஊராட்சிக்கு இரண்டு பேர் வீதம் தமிழ்நாடு முழுவதும் ஏறக்குறைய 25,000 பேர். 1990-ல் என் தங்கைக்கு உத்தரவு வந்தது. அதில் சம்பளம் என்ற சொல் கிடையாது. மதிப்பூதியம் என்றிருந்தது. அலுவலகத்தில் இந்தச் சொல்லை நூறு தடவை எழுதியிருக்கிறேன். அன்றுதான் அதைப் படித்தேன் என்று சொல்ல வேண்டும். ஊதியம் கொடுக்க மனமில்லாத இடத்தில் மதிப்பை முன்னால் ஒட்டிவைக்கிறார்கள்.

ஆனால் அவளுக்கு அந்தச் சொல்லின் முதல் பாதி நிஜமாகவே கிடைத்தது. காலையில் சேலை மாற்றிக்கொண்டு வெளியே போனாள். தண்ணீர்த் தொட்டி, தெருவிளக்கு, சொட்டு மருந்துக்குக் குழந்தைகள் கணக்கு, மது வேண்டாம் என்ற ஊர்வலம் என்று எதையெல்லாம் யாரும் செய்ய மாட்டார்களோ அதையெல்லாம் அவளிடம் கொடுத்தார்கள். கையில் பேனா இருந்தது. அவள் பெயரில் வருகைப் பதிவேட்டில் ஒரு வரி இருந்தது. பணம் சொற்பம், ஆனால் அது அவள் கைக்கு வந்தது. தறிக்கூலி மாதிரி புருஷன் கையைச் சுற்றி வரவில்லை. மாமியார் அவளைக் கூப்பிடும் தொனி மாறியதை நான் கவனித்திருக்கிறேன். "அவ ஆபீசுக்குப் போயிருக்கா" என்று சொல்வதில் அந்த அம்மாளுக்கு ஒரு திருப்தி இருந்தது. ஆபீஸ் என்பது ஊராட்சிக் கட்டடத்தில் கால் ஒடிந்த ஒரு மேஜை.

1991-ல் ஆட்சி மாறியது. அதிமுக வந்தது, வேலை போயிற்று. 1997-ல் திமுக ஆட்சியில் திரும்ப வந்தது. 2001-ல் ஆட்சி மாறியது, போயிற்று. 2006-ல் திரும்ப வந்தது. 2011 நவம்பரில் மூன்றாம் முறை போயிற்று. அந்தத் தடவை 13,500 பேர். இதைப் படிக்க ஒரு விடுகதை போல இருக்கிறது. முதலில் எங்கள் வீட்டிலும் சிரித்தார்கள். தேர்தல் முடிவு ரேடியோவில் வரும்போது மைத்துனர், "உன் உத்தியோகம் எண்ணிக்கினு இருக்காங்க" என்பார். ஓட்டு எண்ணுவதைச் சொல்கிறார். 2001-ல் யாரும் சிரிக்கவில்லை.

2001-ல் நடந்தது இது. அவளுடைய மாதப் பணத்தை நம்பி ஒரு சீட்டு ஓடிக்கொண்டிருந்தது. மாமனாரின் வைத்தியச் செலவு இருந்தது. பணம் நின்றதும் மைத்துனர் முதலாளியிடம் முன்பணம் வாங்கி இரண்டாவது தறி போட்டார். முதலாளி கெட்டவர் இல்லை. முன்பணம் தீரும் வரை வேறு ஆளுக்கு நெய்யக்கூடாது, அவ்வளவுதான் நிபந்தனை. இரண்டாவது தறியில் என் தங்கை உட்கார்ந்தாள். கோர்வைக்கு எதிர்முனையில் ஆள் வேண்டும். ஆள் வைத்தால் கூலி கொடுக்க வேண்டும். அவள் பெண்ணுக்குப் பன்னிரண்டு வயது, ஏழாம் வகுப்பு. முதலில் பள்ளிக்கூடம் விட்டு வந்து உட்கார்ந்தாள், பிறகு சனிக்கிழமை, பிறகு ஆடி மாதக் கல்யாணச் சேலை நெருக்கடியில் ஒரு மாதம். அந்த ஒரு மாதம் முடியவில்லை.

நான் அப்போது அறுபது கிலோமீட்டர் தள்ளிக் குடியிருந்தேன். தெரியும். "பிள்ளையை நிறுத்தாதே" என்று கடிதம் எழுதினேன். கடிதத்தோடு பணம் அனுப்பவில்லை. அந்த வருஷம் ஒரு கவிதைத் தொகுப்புக்கு என் பங்காகக் கொடுத்த தொகை எனக்கு நினைவிருக்கிறது. ஒரு வருஷத்துக்கு எதிர்முனை ஆள் கூலி அதைவிடக் குறைவாகத்தான் இருந்திருக்கும். அந்தத் தொகுப்பில் தறியைப் பற்றி இரண்டு கவிதைகள் இருந்தன. நன்றாக இருந்தன என்று சொன்னார்கள்.

2003 ஜூலையில் எனக்கும் மழை வந்தது. ஓய்வூதியம் முதலான சலுகைகளைக் குறைத்ததை எதிர்த்து அரசு ஊழியர்களும் ஆசிரியர்களும் வேலைநிறுத்தம் செய்தோம். அவசரச் சட்டம் வந்தது. விசாரணை இல்லாமல் ஏறத்தாழ 1,70,000 பேரை ஒரேயடியாக வேலையிலிருந்து நீக்கினார்கள். அதில் நானும் ஒருவன். பதினெட்டு வருஷத்துச் சர்வீஸ் புத்தகம் ஒரு காகிதக் கட்டாகிவிட்டது. இரவில் தூக்கம் போயிற்று. நடுராத்திரியில் எழுந்து உட்கார்ந்து வீட்டு வாடகையைக் கூட்டிப் பார்ப்பேன். கடைக்காரர் வழக்கம்போல் சிரித்தால்கூட அதில் ஏதோ இருப்பதாகப் படும். பிறகு வழக்கு உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. நிபந்தனையற்ற மன்னிப்புக் கடிதம் எழுதிக் கொடுத்தவர்களில் பெரும்பாலோரைத் திரும்ப எடுத்துக்கொள்வதாக அரசு சொன்னது. ஆகஸ்ட் 6-ம் தேதித் தீர்ப்பில் அரசு ஊழியருக்கு வேலைநிறுத்தம் செய்ய உரிமை கிடையாது என்று நீதிமன்றம் எழுதியது. நான் மன்னிப்புக் கடிதம் எழுதினேன். நல்ல தமிழில் எழுதினேன்.

இடைப்பட்ட நாளில் ஒரு ஞாயிற்றுக்கிழமை தங்கை வீட்டுக்குப் போயிருந்தேன். ஆறுதல் தேடித்தான் போனேன் என்று நினைக்கிறேன். தறியில் இருந்தபடியே கேட்டுக்கொண்டிருந்தாள். எதிர்முனையில் பெண். நாடா இவள் பக்கமிருந்து போய் அவள் பக்கமிருந்து திரும்பிக்கொண்டிருந்தது. நான் என் உத்தரவைப் பற்றி, வாடகையைப் பற்றி, தூக்கமின்மையைப் பற்றிச் சொன்னேன். அவள், "ஒரு மாசம்கூட ஆகலையேண்ணா" என்றாள். குத்திக்காட்டவில்லை. ஆச்சரியமாகத்தான் சொன்னாள். காபி போட எழுந்து போனாள். பெண் நாடாவைக் கையில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள்.

அந்த வாக்கியத்தைப் பல வருஷம் யோசித்திருக்கிறேன். எனக்கு வந்தது விபத்து. அவளுக்கு இருந்தது ஸ்திதி. விபத்தில் மாட்டினவனுக்கு முன்பு இருந்த இடம் ஒன்று இருக்கிறது, திரும்பிப் போக. தற்காலிகம் என்று சர்க்கார் எழுதும்போது அதற்குக் காலம் குறைவு என்று அர்த்தமில்லை. எங்கே நிற்கிறோம் என்று சொல்லும் உரிமை நமக்கு இல்லை என்று அர்த்தம். வருஷக்கணக்கில் ஒருத்தி தற்காலிகமாக இருக்கலாம்.

இது என் தங்கையின் கதை மட்டும் என்றால் எழுதியிருக்க மாட்டேன். 1975 அக்டோபர் 2-ல் ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டம் தொடங்கிற்று. அங்கன்வாடியில் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் பெண்களை அது கௌரவப் பணியாளர் என்றது. அவர்கள் வகிப்பது அரசுப் பதவி அல்ல என்று 2006-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது. அதே நீதிமன்றம் 2022 ஏப்ரலில் அவர்களுக்குப் பணிக்கொடை உண்டு என்றது. இடையில் ஒரு தலைமுறை ஓய்வு பெற்றுவிட்டது. 1982 ஜூலை 1-ல் எம்.ஜி.ஆர். சத்துணவுத் திட்டத்தைத் தொடங்கினார். அமைப்பாளர், சமையலர், உதவியாளர் வேலைகளில் விதவைகளுக்கும் ஆதரவற்ற பெண்களுக்கும் முன்னுரிமை தந்தார்கள். அந்த வேலை எத்தனையோ பெண்களை நிமிர்த்தி உட்காரவைத்தது. அதை மறுப்பது அநியாயம். ஆனால் முன்னுரிமையில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. போக்கிடம் இல்லாதவளைத் தேடிப் பிடித்துக் கொடுக்கும் வேலையில், அவள் பேரம் பேச மாட்டாள் என்பதும் அடக்கம். குழந்தைக்குச் சோறு போடுவது, மூக்கைத் துடைப்பது, தண்ணீர் வருகிறதா என்று பார்ப்பது எல்லாம் பெண் வீட்டில் சும்மா செய்வதுதானே என்ற எண்ணம் சட்டப் பாஷைக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. தறியில் எதிர்முனையில் உட்கார்ந்தவளுக்குக் கூலி இல்லை என்பதும் இதுவும் ஒரே நியாயம். வீடு பண்ணிய கணக்கையே சர்க்காரும் பண்ணியிருக்கிறது.

2006 ஏப்ரலில் உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு உமாதேவி வழக்கில் ஒரு தீர்ப்புச் சொன்னது. முறையான தேர்வில்லாமல் தற்காலிகமாக எடுக்கப்பட்டவர்கள் நிரந்தரத்தை உரிமையாகக் கேட்க முடியாது. காரணம், வெளியே வரிசையில் நிற்பவர்களின் சம வாய்ப்பு பறிபோகும். முறையாக அனுமதிக்கப்பட்ட பணியிடங்களில், நீதிமன்ற உத்தரவின் பலத்தில் இல்லாமல், பத்து வருஷத்துக்கு மேல் தொடர்ந்து இருந்தவர்களுக்கு மட்டும் ஒரே ஒரு முறை விலக்கு. தர்க்கம் சுத்தமாக இருக்கிறது. நானும் வரிசையில் நின்று தேர்வு எழுதி வந்தவன்தான். ஆனால் என்னை வரிசையில் நிற்க வைத்தது எது? வீட்டில் ஒருவனுக்கு மட்டும் இருந்த காசு. என் தங்கையின் வருஷங்களைக் கூட்டிப் பார்த்தேன். முதல் முறை ஒன்று, இரண்டாம் முறை நாலு, மூன்றாம் முறை ஐந்து. கூட்டினால் பத்தைத் தொடும். தொடர்ச்சி இல்லை. தொடர்ச்சியை அறுத்தது அவள் இல்லை. இழையை அறுத்தவர்களே சேலையில் முடிச்சு இருக்கிறது என்று கழித்துப் போடுகிறார்கள்.

2002-ல் நீக்கப்பட்ட ஏறத்தாழ 10,000 சாலைப் பணியாளர்கள் 2006-ல் வேலைக்குத் திரும்பினார்கள். இடைப்பட்ட 41 மாதத்தைப் பணிக்காலமாக்க வேண்டும் என்று பல வருஷம் போராடினார்கள். அது ஒரு நல்ல கேள்வி, இடைவெளி யாருடையது என்ற கேள்வி. என் தங்கைக்கு 2006-ல் வேலை திரும்பி வந்தது. அவள் பெண்ணுக்கு அப்போது வயது பதினேழு. ஏழாம் வகுப்பு திரும்பி வரவில்லை. அடுத்த வருஷம் கல்யாணம் பண்ணிக் கொடுத்தார்கள், தறிக்கார வீட்டுக்கே. நாடா தள்ளத் தெரிந்த பெண் என்பதால் நகை கொஞ்சம் குறைத்துக்கொண்டார்கள் என்று மைத்துனர் நிம்மதியாகச் சொன்னார்.

2011-க்குப் பிறகு வழக்கு நடந்தது. 2014-ல் சென்னை உயர் நீதிமன்றம் அவர்களுக்கு வேலை தரச் சொன்னது. உச்ச நீதிமன்றம் அதை நிறுத்திவைத்தது. சங்கத்துக்காரர்கள் கூட்டம் போட்டால் தங்கை போவாள்; பஸ் காசுக்கு என்னிடம் கேட்க மாட்டாள். 2022-ல் மீண்டும் திமுக ஆட்சியில் அரசு ஒரு யோசனை சொன்னது. 100 நாள் வேலைத் திட்டத்தில் பணி ஒருங்கிணைப்பாளராக எடுத்துக்கொள்கிறோம், மாதம் 7,500 ரூபாய். 2023 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் அந்த யோசனையை ஏற்று வழக்கை முடித்தது. பழைய வருஷங்களுக்கு எதுவும் இல்லை.

விருப்பக் கடிதம் எழுத என்னிடம் வந்தாள். வயது ஐம்பத்தைந்து. நான் ஓய்வு பெறும் தறுவாயில் இருந்தேன். என் ஓய்வூதியக் காகிதங்கள் மேஜைமேல் விரிந்திருந்தன. 1985-லிருந்து ஒரு நாள் விடாமல் கணக்கு. 2003-ன் நாட்களைக்கூட எங்கோ ஒரு உத்தரவு சரிக்கட்டிவிட்டிருந்தது. அவள் ஒரு பட்டுச் சேலை அட்டைப்பெட்டியைக் கொண்டுவந்தாள். அதில் மூன்று நியமன உத்தரவுகள், ஓரம் மடங்காமல். நீக்கிய உத்தரவு ஒன்றுகூட இல்லை. எங்கே என்று கேட்டேன். "அதெல்லாம் பேப்பர்லதானேண்ணா போட்டாங்க" என்றாள்.

போக வேண்டாம் என்று சொல்லலாமா என்று எனக்கு ஒரு கணம் தோன்றியது. மானம் என்று ஒன்று இருக்கிறது என்று சொல்லலாம். அந்த வார்த்தையை நான் பணம் கொடுக்காமல் எத்தனை இடத்தில் செலவழித்திருக்கிறேன் என்பது நினைவுக்கு வந்தது. அத்தோடு, அவள் முகத்தில் கெஞ்சல் இல்லை. காலையில் சேலை மாற்றிக்கொண்டு வெளியே போகிறவளின் முகம் அது. சின்னத் தொகைக்காகத் தன்னை விற்றுக்கொள்கிறாள் என்று நான் நினைத்தால், அது என் கற்பனையின் வறுமை. அவள் திரும்பப் பெற நினைத்தது அந்தக் கால் ஒடிந்த மேஜையை.

கடிதத்தில் முன் அனுபவம் என்று ஒரு வரி சேர்க்கலாம் என்றேன். எத்தனை வருஷம் என்று எழுதுவது?

"பத்துன்னு போடுண்ணா."

"விட்டு விட்டு இருக்கே. நடுவுல?"

"நடுவுல தறிலதான் இருந்தேன். அத எழுத முடியுமா?"

பத்து என்று எழுதினேன். அவள் வாங்கிப் படித்துப் பார்த்தாள். ஒரு எழுத்துப்பிழையைக் காட்டினாள். திருத்திக் கொடுத்தேன். கையெழுத்துப் போட்டாள், முழுப் பெயரையும், நிதானமாக.